மே மாதத்தில் கோவையிலிருந்து லே வரை பைக்கில்: கணக்கு தேறுமா?

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். மே 20 வாக்கில் கோவையிலிருந்து கிளம்பி லடாக்கில் உள்ள லே போய்த் திரும்ப வேண்டும். இரண்டு பேர், இரண்டு வண்டி: ஒன்று ஏர்கூல்டு 350 சிசி, ஸ்போக் வீல், டியூப் டயர், இன்னொன்று 160 சிசி, அலாய் வீல், டியூப்லெஸ். கையில் 16 நாள் விடுப்பு. தினம் 700 கி.மீ. ஓட்டினால் சரிவருமா, என்னென்ன ஸ்பேர் எடுக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். மேலோட்டமாகப் பார்த்தால் இது ஸ்பேர் பற்றிய கேள்வி. உள்ளே இருப்பது 'இந்தக் கணக்கு தேறுமா' என்பது. அதற்கு முதலில் பதில்: தேறாது. வண்டிகளால் வரும் சிக்கல் இல்லை இது. 160 சிசி வண்டியில் லே போய் வந்தவர்கள் ஏராளம். இடிப்பது மாதமும் நாள் கணக்கும். எப்படித் தேற வைப்பது என்பதையும் சொல்கிறேன்.

தூரத்தைப் போட்டுப் பாருங்கள். கோவை–பெங்களூரு 365 கி.மீ., பெங்களூரு–ஐதராபாத் 570, ஐதராபாத்–நாக்பூர் 500, நாக்பூர்–டெல்லி ஏறத்தாழ 1,080, டெல்லியிலிருந்து ஜம்மு, ஸ்ரீநகர் வழியாக லே இன்னும் 1,250 சொச்சம். ஒரு பக்கம் 3,700 கி.மீ.க்கு மேல். திரும்பும்போது மணாலி வழியாக இறங்கினால் 250 கி.மீ. குறையும். ஆக 7,200. இதை 700-ஆல் வகுத்தால் பத்தரை நாள் வரும், மிச்சம் ஐந்து நாள் லடாக்கில் சுற்றலாம் என்று தோன்றும். காகிதத்தில் அழகாக இருக்கும் கணக்கு. அந்த 700-ஐ ஜனவரியில் ஓட்டலாம். மே கடைசியில் ஐதராபாத்துக்கும் டெல்லிக்கும் நடுவே ஓட்ட முடியாது.

லடாக் என்றதும் எல்லோரும் மலையைப் பற்றித்தான் கவலைப்படுகிறார்கள்: கணவாய், பனி, ஆக்ஸிஜன். மே மாதப் பயணத்தில் ஆளைச் சாய்ப்பது அதற்கு முன்னால் வரும் சமவெளி. அதிலாபாத், நாக்பூர், சாகர், ஜான்சி, குவாலியர், ஆக்ரா, டெல்லி என்று 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை போகும் இந்த நீளம் முழுவதும் மே இரண்டாம் பாதியில் 42 முதல் 46 டிகிரி வரை சாதாரணமாகப் போகும். நம் ஊர் கத்திரி வெயிலைப் பார்த்தவர்கள்தானே நாம் என்று நினைக்க வேண்டாம். கோவையின் 37 டிகிரியும் குவாலியரின் 45 டிகிரியும் உடம்புக்கு வேறு வேறு விஷயங்கள். காரணம் இதுதான். நம் தோலின் வெப்பம் 35 டிகிரி சுமார். காற்று அதற்குக் கீழே இருக்கும்வரை, ஓடும் வண்டியில் அடிக்கும் காற்று உடம்பைக் குளிர்விக்கும். அதைத் தாண்டிவிட்டால் அதே காற்று சூட்டைக் கொண்டுவந்து நம் மேல் கொட்டும். வேகம் கூடக் கூட அதிகமாகக் கொட்டும். அப்போது உடம்புக்கு மிச்சமிருக்கும் ஒரே வழி வியர்வை ஆவியாவது. அந்த வறண்ட காற்றில் வியர்வை வந்த சுவடே தெரியாமல் காய்ந்துவிடுவதால், 'எனக்கு வியர்க்கவே இல்லை, நன்றாகத்தான் இருக்கிறேன்' என்ற நினைப்போடு மணிக்கு ஒரு லிட்டர் வரை தண்ணீரை இழந்துகொண்டிருப்பீர்கள். பிற்பகலில் அங்கே வீசும் அந்தக் காற்றுக்கு 'லூ' என்று பெயரே வைத்திருக்கிறார்கள்.

அதனால் கிலோமீட்டரை விட்டுவிட்டு மணியை வைத்துத் திட்டம் போடுங்கள். காலை ஐந்து முதல் பத்தரை வரை ஓட்டம். பத்தரையிலிருந்து மாலை ஐந்து வரை நிழல், முடிந்தால் ஏசி அறை. மாலை ஐந்திலிருந்து இருட்டும் வரை வேண்டுமானால் ஒரு 60, 70 கி.மீ. மூன்று மணிக்கே கிளம்பினால் என்ன என்று கேட்பீர்கள். அந்த நேரத்தில் நான்கு வழிச் சாலையின் ஓரத்தில் விளக்கில்லாமல் நிற்கும் லாரி, எதிர்த் திசையில் வரும் டிராக்டர், படுத்திருக்கும் மாடு, இரவெல்லாம் ஓட்டிக் கண் சொருகும் டிரைவர், எல்லாம் ஒன்றாகச் சேரும். நாக்பூர் பக்கம் மே கடைசியில் ஐந்தரைக்கெல்லாம் சூரியன் வந்துவிடும்; ஐந்து மணிக்கே பாதை கண்ணுக்குத் தெரியும். அதற்கு முன் கிளம்பிச் சம்பாதிக்கும் இரண்டு மணி நேரம் அந்த ஆபத்துக்கு ஈடாகாது. 80-ல் ஓட்டினாலும் தேநீர், பெட்ரோல், ஊர் நெரிசல் எல்லாம் சேர்ந்து சராசரி 55-க்குத்தான் வரும். ஐந்தரை மணி நேரத்துக்கு 300 கி.மீ. மாலை ஓட்டத்தையும் சேர்த்தால் 350. இதுதான் மே மாதத்து உண்மையான தினக் கணக்கு.

பெங்களூரு மேடு 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் முதல் நாள் மட்டும் தாராளமாக ஓட்டலாம். சேலம், ஓசூர் வழியாக அனந்தபூர் வரை, 580 கி.மீ. போய்விடலாம். இரண்டாம் நாள் கர்னூல் வழியாக ஐதராபாத். அங்கே அவுட்டர் ரிங் ரோட்டில் இரு சக்கர வண்டிகளை விடமாட்டார்கள், பக்கத்திலேயே ஓடும் சர்வீஸ் ரோட்டைப் பிடியுங்கள். மூன்றாம் நாள் அதிலாபாத். நான்காம் நாள் நாக்பூரைத் தாண்டி சிவனி. பென்ச் காட்டை ஒட்டிய அந்தப் பகுதி ஓரளவு மேடு, இரவில் கொஞ்சம் மூச்சு விடலாம். ஐந்தாம் நாள் சாகர், ஆறாம் நாள் குவாலியர், ஏழாம் நாள் டெல்லி. அங்கிருந்து ஜம்முவுக்கு இரண்டு நாள், பிறகு ஸ்ரீநகர், கார்கில், லே. ஆகப் பன்னிரண்டாம் நாள் லேயில் இருப்பீர்கள். போக வர 24, அங்கே நான்கு நாள், மொத்தம் 28. உங்களிடம் இருப்பது 16.

மூன்று வழி தெரிகிறது. விடுப்பைச் செப்டம்பருக்கு மாற்ற முடிந்தால் அதுதான் உத்தமம். மழை வடக்கிலிருந்து பின்வாங்கத் தொடங்கியிருக்கும், லே போகும் இரண்டு சாலைகளும் திறந்திருக்கும், சமவெளியில் வெயில் தணிந்திருக்கும், தினம் 450 வரை நியாயமாக ஓட்டலாம். ஜூலை, ஆகஸ்டை நான் சொல்லமாட்டேன். மண்டி–குலு பாதையில் மழைக்கால மண்சரிவு வருடா வருடம் வழக்கம். ஒரு சரிவில் இரண்டு நாள் போய்விடும். இரண்டாவது, மே மாதத்திலேயே போய், லே ஆசையைத் தள்ளிவைத்து 16 நாளில் தெற்கைச் சுற்றுவது. நீங்கள் கேட்டது அதுவல்ல, விட்டுவிடுகிறேன். மூன்றாவது, வண்டிகளை ரயிலில் ஏற்றி டெல்லியில் இறக்குவது. 16 நாளும் மே மாதமும் மாறாது என்றால் இதுதான் வழி. 'கோவையிலிருந்து ஓட்டியே போனேன்' என்று சொல்லிக்கொள்ள முடியாது. அந்தப் பெருமைக்காக சமவெளி வெயிலில் ஐந்து நாளை எரிப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை.

ரயிலில் அனுப்புவதில் கவனிக்க வேண்டியவை கொஞ்சம் உண்டு. நீங்கள் ஏறும் அதே ரயிலில் டிக்கெட்டைக் காட்டி லக்கேஜாகப் போடலாம். டிக்கெட் இல்லாமல் பார்சலாகவும் போடலாம். பார்சலாகப் போட்டது அடுத்தடுத்த வண்டிகளில் இடம் பார்த்துத்தான் போகும், நாலைந்து நாள் தாமதம் ஆனாலும் ஆச்சரியமில்லை. அப்படியானால் வண்டியை ஒரு வாரம் முன்பே அனுப்பிவிட்டு நீங்கள் பின்னால் போவது நல்லது. ஆர்.சி.யும் அடையாள அட்டையும், அவற்றின் நகல்களும் கையில் இருக்க வேண்டும். டேங்கில் பெட்ரோல் சுத்தமாக இருக்கக் கூடாது. வடித்ததை பாட்டிலில் பிடித்து ரயிலில் கொண்டுபோவதும் கூடாது. எனவே ரிசர்வில் ஸ்டேஷன் வந்து சேர்கிற மாதிரி பார்த்துக்கொள்ளுங்கள். ஃபியூயல் இஞ்செக்‌ஷன் வண்டி என்றால் வடித்த பிறகு சாவியைப் போட்டு விளையாட வேண்டாம், பம்ப் காய்ந்து ஓடும். டெல்லியில் இறக்கி பங்க் வரை தள்ளிக்கொண்டு போய் நிரப்பியதும் சாவியை ஆன் செய்து பம்ப் சத்தம் நிற்கும் வரை காத்திருந்து ஆஃப் செய்யுங்கள். இதை இரண்டு மூன்று முறை செய்த பிறகு ஸ்டார்ட் பண்ணுங்கள். கண்ணாடிகளைக் கழற்றிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். ஹேண்டில், டேங்க், இண்டிகேட்டர், சைலன்சர் நான்குக்கும் சாக்கு, அட்டை வைத்து நன்றாகச் சுற்றச் சொல்லுங்கள். ஸ்டேஷன் வாசலிலேயே பேக்கிங் ஆட்கள் இருப்பார்கள். பெயர், போன் எண், சேரும் ஊர் மூன்றையும் அட்டையில் எழுதி இரண்டு இடத்தில் கட்டுங்கள். ஒன்று கிழிந்தாலும் ஒன்று மிஞ்சும். வந்து சேர்ந்ததும் உடனே எடுத்துவிட வேண்டும், கிடக்கும் நேரத்துக்குக் காசு ஏறும்.

இப்படிப் போனால் கணக்கு இறுக்கமாக, ஆனால் நேர்மையாக வரும். மூன்றாம் நாள் டெல்லி. நான்காம் நாள் விடியலில் கிளம்பி ஜலந்தர், 375 கி.மீ., முழு நாளும் வெயில்தான். ஐந்தாம் நாள் ஜம்மு தாண்டி உதம்பூர். ஆறாம் நாள் ஸ்ரீநகர், ஏழாம் நாள் சோஜி லா கணவாய் தாண்டி கார்கில், எட்டாம் நாள் லே. ஒன்பதும் பத்தும் லேயில் ஓய்வு, பதினொன்றும் பன்னிரண்டும் சார்ச்சு வழியாக மணாலி, பதின்மூன்று சண்டிகர், அங்கிருந்து ரயில். பாங்காங் ஏரி, நூப்ரா பள்ளத்தாக்கு இரண்டுக்கும் இதில் இடமில்லை. திணித்தால் ஓய்வு நாள்களிலிருந்துதான் பிடுங்க வேண்டும், அதைச் செய்யாதீர்கள்.

வெயிலில் ஓட்டும் முறைக்கு வருகிறேன். டெல்லி–ஜம்மு இரண்டு நாளும் இது வேண்டும். முழுக்க ஓட்டியே போகிறீர்கள் என்றால் ஒன்பது நாளும் வேண்டும். அரைக்கைச் சட்டையில் காற்றோட்டமாகப் போகலாம் என்ற எண்ணத்தை முதலில் விடுங்கள். திறந்த தோலில் சுடுகாற்று நேராக அடித்தால் உடம்பு இன்னும் சீக்கிரம் காயும். உள்ளே முழுக்கைப் பருத்திச் சட்டை, மேலே ஜாக்கெட். 37, 38 டிகிரி வரை மெஷ் ஜாக்கெட் சுகமாக இருக்கும். அதற்கு மேல் உள்சட்டையையும் கழுத்துத் துணியையும் தண்ணீரில் முக்கிப் பிழியாமல் போட்டுக்கொண்டு, ஜாக்கெட்டின் முன் திறப்புகளைப் பாதி மூடிவிட்டால், உள்ளே போகும் கொஞ்சக் காற்று ஈரத்தை மெல்ல ஆவியாக்கி அரை மணி நேரத்துக்குக் குளிர்ச்சி தரும். முழுக்கத் திறந்து விட்டால் பத்து நிமிடத்தில் காய்ந்து போகும். இந்த வித்தை வறண்ட காற்றில்தான் பலிக்கும். நெல்லூர், விஜயவாடா போன்ற கடலோரப் புழுக்கத்தில் சட்டை நசநசத்ததுதான் மிச்சமாகும். ஹெல்மெட் வைசரை மூடியே ஓட்டுங்கள்; திறந்தால் கண் எரியும், உதடு வெடிக்கும்.

தண்ணீரைத் தாகம் எடுத்துக் குடிப்பதென்றால் ஏற்கெனவே பிந்திவிட்டீர்கள். முதுகில் மாட்டும் இரண்டு லிட்டர் தண்ணீர்ப் பை, வாய்க்கு வரும் குழாயோடு, இந்தப் பயணத்துக்கு நீங்கள் வாங்கும் பொருள்களிலேயே அதிகம் பயன்படப் போவது. இருபது நிமிடத்துக்கு ஒரு டம்ளர் அளவு உறிஞ்சிக்கொண்டே இருங்கள். மணிக்கு ஒன்றரை லிட்டருக்கு மேல் வெறும் தண்ணீராக ஊற்றவும் கூடாது. வியர்வையோடு போன உப்பு திரும்பாமல் தண்ணீர் மட்டும் ஏறினால் ரத்தத்தில் சோடியம் இறங்கித் தலைவலி, குமட்டல், குழப்பம் வரும். பார்ப்பதற்கு அது வெயில் பாதிப்பு மாதிரியே இருக்கும், மேலும் தண்ணீர் கொடுத்துக் கெடுத்துவிடுவார்கள். அதனால் நாளுக்கு ஒன்றிரண்டு லிட்டராவது ஓ.ஆர்.எஸ். ஆக இருக்கட்டும். மருந்துக் கடையில் உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி என்று அச்சிட்ட பொடிப் பாக்கெட்டைக் கேட்டு வாங்கி, ஒரு லிட்டர் பாக்கெட்டை ஒரு லிட்டரில்தான் கரைக்க வேண்டும். கிடைக்காத இடத்தில் ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, தலை தட்டி. அட்டைப் பெட்டியில் பழச்சுவையோடு விற்கும் இனிப்புத் தண்ணீர் இதற்கு ஈடில்லை. உப்பு போட்ட மோர் எங்கே கிடைத்தாலும் குடியுங்கள். சிறுநீர் வைக்கோல் நிறத்தில் இருந்தால் சரி. அடர் மஞ்சளானால் அன்றைக்கு ஓட்டம் போதும்.

உங்கள் நண்பரைக் கவனிப்பது உங்கள் வேலை, உங்களைக் கவனிப்பது அவர் வேலை. தனக்கு வெயில் ஏறிவிட்டதை ஏறியவன் உணரமாட்டான். இண்டிகேட்டர் போட்டது போட்டபடியே ஓடுகிறது, கியர் தவறுகிறது, பங்கில் கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாத பதில் வருகிறது என்றால் உடனே நிழலில் நிறுத்துங்கள். தலைவலி, தசைப் பிடிப்பு, மயக்கம் வரும் கட்டத்தில் ஓய்வும் உப்புத் தண்ணீரும் போதும். உளறல், தள்ளாட்டம், தொட்டால் கொதிக்கும் உடம்பு என்று வந்துவிட்டால் அது ஹீட் ஸ்ட்ரோக். ஜாக்கெட்டைக் கழற்றி, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி, விசிறி, கழுத்திலும் அக்குளிலும் தொடை இடுக்கிலும் ஐஸ் வைத்துக்கொண்டே 108-ஐ அழையுங்கள். நெடுஞ்சாலை உதவிக்கு 1033 இருக்கிறது. பாராசிட்டமால் இதில் வேலை செய்யாது. சுயநினைவு சரியில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். ரத்த அழுத்தத்துக்கோ இதயத்துக்கோ மாத்திரை சாப்பிடுபவர் யாராவது உங்களில் இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் கிளம்ப வேண்டாம். நீர் பிரிக்கும் மாத்திரைகள் வெயிலில் ஆளைச் சீக்கிரம் சாய்க்கும். நான் வண்டி தெரிந்தவன், மருத்துவம் படித்தவன் இல்லை. இதற்கு மேல் அவர்தான் சொல்ல வேண்டும்.

ஏசியில் வேலை பார்ப்பவர் என்றால் இன்னொன்று. வெயிலுக்கு உடம்பு பழகப் பத்துப் பதினான்கு நாள் பிடிக்கும். கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பிருந்தே தினம் ஒரு மணி நேரம் மாலை வெயிலில் வேக நடை போட்டுவிட்டால் வியர்வை சீக்கிரம் சுரக்கத் தொடங்கும், உப்பும் குறைவாகப் போகும்.

இனி வண்டி. சர்வீஸை மூன்று வாரம் முன்னால் முடித்துவிட்டு, அதற்குப் பின் குறைந்தது 500 கி.மீ. ஓட்டிப் பாருங்கள். பாதி வழியில் வரும் பழுதுகளில் பாதி, முந்தின நாள் யாரோ கழற்றி மாட்டியதிலிருந்துதான் வரும்: இறுக்காத டிரெய்ன் போல்ட், நசுங்கிய வயர், சரியாக உட்காராத ஏர் ஃபில்டர். புது டயர் போடுவதாக இருந்தாலும் அப்போதே போடுங்கள். டயரின் பக்கத்தில் நான்கு இலக்கம் இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். கோடு நன்றாக இருக்கிறதே என்று ஆறு வருடப் பழைய டயரோடு இந்த வெயிலுக்குப் போகாதீர்கள்.

டயர் காற்றில்தான் பெரும்பாலானவர்கள் தவறு செய்கிறார்கள், நிதானமாகப் பாருங்கள். காலையில் டயர் ஆறியிருக்கும்போது பின்னால் 30 பி.எஸ்.ஐ. வைத்துக் கிளம்புகிறீர்கள். நூறு கிலோமீட்டர் சுடு தாரில் ஓடிய பிறகு ஒரு பங்கில் காற்றுப் பார்த்தால் 34 காட்டும். காற்றுப் பிடிப்பவர் 'அதிகமா இருக்கு, வெயில் நேரம், வெடிச்சுடும்' என்று சொல்லி வால்வை அமுக்கி 30-க்குக் கொண்டுவந்துவிடுவார். நீங்களும் நன்றி சொல்லிக் கிளம்புவீர்கள். இப்போது ஆறிய கணக்கில் அந்த டயரில் இருப்பது 26 தான். காற்றுக் குறைந்த டயர் ஒவ்வொரு சுற்றிலும் அதிகமாக மடங்கி விரியும். அந்த மடங்கலில்தான் சூடு பிறக்கிறது. டயர் வெடிப்பது கூடுதல் காற்றால் இல்லை, பெரும்பாலும் குறைந்த காற்றில் பக்கச் சுவர் சூடாகிப் பிரிவதால். டியூப் டயரில் டியூபும் உரசி வால்வு அடியில் கிழியும். எனவே வண்டியின் ஸ்டிக்கரில் சுமைக்கு என்று போட்டிருக்கும் அளவை விடியற்காலையில், உங்கள் சொந்த கேஜில், ஆறிய டயரில் வைத்துக்கொள்ளுங்கள். பகலில் என்ன காட்டினாலும் கை வைக்காதீர்கள். நைட்ரஜன் அடித்தால் ஏறாது என்பதும் கதை, சூட்டில் அதுவும் ஏறக்குறைய அதே அளவு ஏறும்.

ஆயில் விஷயத்தில் கையேட்டில் சொன்ன கிரேடையே போடுங்கள், டப்பாவில் பைக் கிளட்சுக்கு ஏற்ற ஆயில் என்று காட்டும் ஜாசோ எம்ஏ2 குறி இருக்கிறதா பாருங்கள். கார் ஆயில் ஊற்றினால் கிளட்ச் வழுக்கும். ஏர்கூல்டு இன்ஜின் வெயிலில் கொஞ்சம் ஆயில் குடிக்கும். தினம் காலை சமதளத்தில் வண்டியை நேராக நிறுத்தி, கையேடு சொல்லும் முறையில் இன்ஜின் பக்கத்தில் உள்ள சின்னக் கண்ணாடியில் ஆயில் மட்டம் பாருங்கள். அரை லிட்டர் கையில் இருக்கட்டும். 350-ஐ 80-லேயே வைத்திருங்கள். 80-லிருந்து 100-க்குப் போக, காற்றை எதிர்க்க மட்டும் ஏறத்தாழ இரண்டு மடங்கு சக்தி செலவாகிறது. அதைத் தர எரியும் கூடுதல் பெட்ரோலின் சூட்டில் ஒரு பங்கு அந்தச் சிலிண்டரில்தான் தங்கும். 160-க்கும் அதுதான் வசதியான வேகம், ஆக இரண்டு வண்டிக்கும் பொருத்தம். நின்ற இன்ஜின் மேல் தண்ணீர் ஊற்றி ஆற்றுபவர்களைப் பார்ப்பீர்கள், நீங்கள் செய்யாதீர்கள்.

டேங்கைக் கழுத்து வரை நிரப்பி வெயிலில் நிறுத்தாதீர்கள். 15 லிட்டர் பெட்ரோல் 20 டிகிரி சூடேறினால் கால் லிட்டருக்கு மேல் விரியும். அது எங்காவது வழிந்துதான் தீரும். செயினை 500 கி.மீ.க்கு ஒருமுறை, மாலையில் வண்டி நின்றதும், சூடாக இருக்கும்போதே துடைத்து செயின் லூப்ரிகன்ட் அடித்து விடுங்கள். இரவெல்லாம் ஊறும், காலையில் தெறிக்காது. பிரேக் ஆயில் இரண்டு வருடம் ஆகியிருந்தால் மாற்றிவிடுங்கள். அது ஈரத்தை உறிஞ்சும். உறிஞ்சிய ஆயில் மலை இறக்கத்தில் கொதித்து லீவர் பஞ்சு மாதிரி ஆகிவிடும்.

ஸ்பேர் என்று கேட்டீர்கள். இரண்டு வண்டிக்கும் கிளட்ச் கேபிள், ஆக்ஸிலேட்டர் கேபிள். 350-க்குப் புதிய கிளட்ச் கேபிளைப் பழையதை ஒட்டியே ஓட்டி டேப் போட்டு வைத்துவிட்டால் அறுந்த இடத்திலேயே ஐந்து நிமிடத்தில் மாற்றலாம். பிளக், ஃபியூஸ், செயின் லாக். 350-க்கு முன் பின் டியூப் ஒவ்வொன்று, டயர் லீவர் இரண்டு, பின் சக்கர நட்டுக்கான ஸ்பேனர். 160-க்குப் பஞ்சர் ஊசி, ஒட்டும் திரி. இருவருக்கும் சேர்த்துச் சின்ன பம்ப் ஒன்று, இன்ஜின் அடியில் ஆயில் இருக்கும் பகுதி ஓட்டை விழுந்தால் அடைக்க எம்சீல், டேப், கேபிள் டை. இதற்கு மேல் எடுப்பது சுமைதான். சாமானைக் கொக்கி வைத்த எலாஸ்டிக் கயிற்றில் கட்டாதீர்கள், அது நழுவிச் சக்கரத்தில் சுற்றும். ராட்செட் ஸ்ட்ராப் வாங்குங்கள். கனமானது கீழே, முன்னால். டெயில் மேல் கோபுரமாகக் கட்டினால் வேகத்தில் ஹேண்டில் ஆடும்.

மலையைப் பற்றிச் சுருக்கமாக. ஸ்ரீநகர் வழியாக ஏறி மணாலி வழியாக இறங்குங்கள், மாற்றிச் செய்யாதீர்கள். ஸ்ரீநகர் வழியில் கார்கிலில் 2,700 மீட்டரில் தூங்கி மறுநாள் ஃபோட்டு லா (4,108 மீட்டர்) தாண்டி லேயில் 3,500-ல் தூங்குவீர்கள், உடம்பு படிப்படியாகப் பழகும். மணாலி வழியில் ஏறினால் இரண்டாம் இரவே சார்ச்சுவில் 4,300-ல் தூங்க வேண்டிவரும். லேயில் முதல் இரண்டு நாள் படி ஏறுவதைக்கூட மெதுவாகச் செய்யுங்கள். தலைவலியோடு வாந்தி, தள்ளாட்டம், ஓய்விலும் மூச்சு வாங்குவது என்று வந்தால் ஒரே மருந்து கீழே இறங்குவது. கற்பூரம் முகர்ந்தால் ஆக்ஸிஜன் வராது. உயர நோயைத் தடுக்கும் டயமாக்ஸ் மாத்திரை வேண்டுமா என்பதை ஊரிலேயே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், சல்ஃபா ஒவ்வாமை இருந்தால் கண்டிப்பாகச் சொல்லுங்கள். மணாலி வழியில் வரும் தங்லங் லா கணவாய் 5,300 மீட்டர். அங்கே காற்றில் ஆக்ஸிஜன் பாதிதான், 160 சிசி வண்டி முதல் கியரில்தான் முனகிக்கொண்டு ஏறும். கிளட்சைப் பாதி பிடித்தே ஏற்றினால் பிளேட் கருகும். லேயிலிருந்து இறங்கும்போது வழியில் காரு என்ற ஊரில் நிரப்பினால் டாண்டி வரை 300 கி.மீ.க்கு மேல் பங்கை நம்பாதீர்கள். 350-க்கு ஐந்து லிட்டர் கேன் வேண்டும். சாலையில் குறுக்கே ஓடும் பனி நீர் பிற்பகலில் முழங்கால் வரை ஏறும், காலையில் வற்றியிருக்கும். பெரிய ஓடைகளைப் பதினொரு மணிக்குள் தாண்டிவிடுங்கள்.

உறுதியாகச் சொல்ல முடியாதது திறப்புத் தேதி. மே கடைசியில் சோஜி லாவும் பாரலாச்சா லாவும் பொதுவாகத் திறந்திருக்கும், ஆனால் ஒரு நாள் பனி பெய்தால் மூடிவிடுவார்கள், சில நாள் ஒரு திசைக்கு மட்டும் நேரம் ஒதுக்கி விடுவார்கள். முந்தின மாலை சோனமார்க்கில் போலீஸ் செக்போஸ்ட்டில் கேட்டுக்கொள்வதுதான் நம்பகமானது. காஷ்மீரிலும் லடாக்கிலும் வெளிமாநில ப்ரீபெய்டு சிம் வேலை செய்யாது. இருவரில் ஒருவராவது போஸ்ட்பெய்டுக்கு மாறிக்கொள்ளுங்கள், அது ஓரிரு நாளில் நடக்காது, இப்போதே விண்ணப்பியுங்கள்.

இன்னொரு வேலையும் இந்த ஞாயிற்றுக்கிழமையே இருக்கிறது. 350-இன் பின் சக்கரத்தை வீட்டு வாசலில் வைத்து நீங்களே கழற்றி, டியூபை வெளியே எடுத்து, திரும்பப் போட்டு, காற்றடித்துப் பாருங்கள். முதல் முறை ஒன்றரை மணி நேரம் ஆகும், லீவரில் டியூபைக் கிள்ளி இன்னொரு ஓட்டையும் போடுவீர்கள். அது வாசலிலேயே ஆகட்டும்.